பீஸ் லில்லி தினமும் வாடுகிறது: தண்ணீர் குறைவா, கூடுதலா?

மூன்றாம்மாடி_வேளச்சேரி:

வணக்கம். ஆடி மாதம் நர்சரியில் ஒரு பீஸ் லில்லி வாங்கினேன். அப்போது நான்கு வெள்ளைப் பூ இருந்தது. ஹாலில் கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி வைத்திருக்கிறேன், நேர் வெயில் படாது. காலையில் காபி போடும்போது ஒரு டம்ளர் தண்ணீர் விடுவேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாளாக இலையெல்லாம் தொட்டி விளிம்பில் சரிந்து கிடக்கிறது. தண்ணீர் போதவில்லை போல என்று இரண்டு டம்ளராக்கினேன். அப்புறம் இன்னும் மோசமாகிவிட்டது. கீழ் இலை நான்கு மஞ்சளாகிவிட்டன, நுனியெல்லாம் பழுப்பு. ஆனால் மேல்மண்ணைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. தண்ணீர் விட்டும் ஏன் வாடுகிறது? என் மகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்கிறாள். காப்பாற்ற வழி இருந்தால் சொல்லுங்கள்.

கத்திரிப்பூ:

வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன். நான்கு நாள் மொட்டை மாடியில் வெயிலில் வைத்துப் பாருங்கள் அக்கா.

செம்மண்:

வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். காட்டில் மரநிழலில் வளரும் இனம் இது, நேர் வெயிலில் இலை கருகிவிடும். இப்போதைக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டி எப்படிப்பட்டது, அடியில் ஓட்டை இருக்கிறதா? மண் என்ன? அப்புறம், துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் அடி வரை இறக்கிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம்மாடி_வேளச்சேரி:

பார்த்தேன். பயமாக இருக்கிறது. 6 அங்குல நர்சரி பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஓட்டை இருக்கிறது. ஆனால் அழகுக்காக அதை ஒரு வெள்ளை செராமிக் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தேன். அதில் ஓட்டை இல்லை. வெளியே தூக்கியபோது செராமிக் தொட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், சாக்கடை வாடை. ஈர்க்குச்சி மேலே ஓர் அங்குலம் காய்ந்தும், அதற்குக் கீழே கறுத்து நனைந்தும் வந்தது. மண்ணில் பெரும்பாலும் கோகோபீட்தான் (தேங்காய் நார்த் தூள்).

இன்னொன்று. மாமனாரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "நானும் சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டுதானேம்மா இருக்கேன்" என்கிறார். வாடியிருக்கிறதே என்று பாவப்பட்டு ஊற்றியிருக்கிறார்.

செம்மண்:

சரி, காரணம் கிடைத்துவிட்டது. வேர் அழுகியிருக்கிறது. மாமாவைக் குறை சொல்லாதீர்கள், இந்தச் செடியைப் பார்த்து ஏமாறாதவர் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் தலை தொங்கும், தண்ணீர் மிஞ்சினாலும் தலை தொங்கும். வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகும், கூடவே அழுகல் பூஞ்சை பிடிக்கும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள் நின்றபடியே உங்கள் செடி தாகத்தில் வாடுகிறது. தாகத்தால் மட்டும் வாடியிருந்தால், ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டதும் சில மணி நேரத்தில் நிமிர்ந்திருக்கும்.

கோகோபீட் இன்னொரு வகையில் ஏமாற்றும். மேலே வெளிறிக் காய்ந்து தெரியும், அடியில் பிழிந்தால் சொட்டும். மேல்மண்ணை மட்டும் தொட்டுப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். அதிலும் இப்போது ஐப்பசி மழை. காற்றில் ஈரம் நிற்கும்போது தொட்டி லேசில் காயாது. ஆடியில் தாங்கிய ஒரு டம்ளரை இப்போது தாங்காது.

திருச்சி_மாடித்தோட்டம்:

செம்மண் சொன்னது சரி. இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் சகோதரி. மண்ணை உதறி, குழாய்த் தண்ணீரில் வேரை மெதுவாக அலசுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பது நல்ல வேர். சந்தேகமாக இருப்பதை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். ஊறவைத்த வேர்க்கடலைத் தோல் போல மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மாதிரி மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். மஞ்சள் இலைகளையும் பூத்தண்டுகளையும் அடியோடு எடுத்துவிடலாம். (நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை, தென்னம்பாளை மாதிரி ஒரு பாளைதான். நடுவில் நிற்கும் கதிரில் இருக்கும் புள்ளிகள்தான் பூ.)

மிஞ்சிய வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டி எடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். கோகோபீட்டில் பெர்லைட்டும் (பொரி போல இலேசான வெள்ளைக் கல் துகள்) கொஞ்சம் மண்புழு உரமும் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கிடைத்தால் பாக்கெட்டில் போட்ட அளவுப்படி கலந்து ஒருமுறை ஊற்றலாம். புது இலை வரும்வரை வேறு உரம் எதுவும் வேண்டாம்.

மூன்றாம்மாடி_வேளச்சேரி:

செய்துவிட்டேன். பாதிக்கு மேல் வேர் போய்விட்டது. வெட்ட வெட்ட மனசு கேட்கவில்லை, ஆனால் நடுவில் ஒரு கைப்பிடி வெள்ளை வேர் இருந்தது. 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். இனிமேல் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்? வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளட்டுமா?

செம்மண்:

நாள் கணக்கே வேண்டாம். சித்திரை வெயிலில் மூன்று நாளில் காயும், அடைமழையில் பத்து நாளானாலும் காயாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்டு வடிந்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். நன்றாக இலேசாகும்வரை ஊற்றாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஈர்க்குச்சி இருக்கவே இருக்கிறது.

ஊற்றும் நாளில் அரைகுறையாக ஊற்றாதீர்கள். மண் முழுக்க நனையும்படி சுற்றிலும் மெதுவாக, அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். கால் மணி நேரம் வடியவிட்டு, தட்டில் நிற்பதைக் கொட்டிவிட்டு, அப்புறம் செராமிக் தொட்டிக்குள் வையுங்கள். ஊருக்குப் போய் வந்து கோகோபீட் ஒரேயடியாகக் காய்ந்திருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் தொட்டிச் சுவரை ஒட்டி ஓடிவிடும். அப்போது மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் தொட்டியை வைத்து எடுங்கள்.

தண்ணீர் விடுவது வீட்டில் ஒரே ஆளின் வேலையாக இருக்கட்டும்.

மூன்றாம்மாடி_வேளச்சேரி:

மாமாவிடமே கொடுத்துவிட்டேன், ஈர்க்குச்சியோடு சேர்த்து. ஒரு சந்தேகம்: நுனி பழுப்பும் வேர் அழுகலால்தானா? எங்கள் பிளாட்டில் போர் தண்ணீர்தான். பழைய தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

திருச்சி_மாடித்தோட்டம்:

வேர் கெட்டாலும் நுனி கருகும். ஆனால் அந்த வெள்ளைப் படிவு தண்ணீரில் உள்ள உப்பு. அதுவும் சேர்ந்திருக்கும். மழை பெய்கிறதே, பால்கனியில் வாளி வைத்துப் பிடித்துவையுங்கள், கொசு வராமல் மூடி போட்டு. மழைத் தண்ணீர் தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பயன்படுத்தலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஆர்ஓ மெஷின் கழிவு நீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம்மாடி_வேளச்சேரி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது மூன்று இலை நிமிர்ந்துவிட்டன. நேற்று நடுவில், வெற்றிலையைச் சுருட்டியது போல இளம்பச்சையாக ஒரு குருத்து. மகள்தான் முதலில் பார்த்தாள். மாமா காலையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கனமா இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.