கிரேட் பியர் ஏரியின் ஆழம் கிழக்கில் மட்டும் ஏன் அதிகம்?

கேள்வி:
கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில், ஆர்க்டிக் வட்டக்கோடு ஊடறுத்துச் செல்லும் கிரேட் பியர் ஏரியின் நிலப்படத்தை இன்று பார்த்தேன். ஐந்து கைகளாகப் பிரிந்திருக்கும் இந்த நன்னீர்ப் பரப்பில், கிழக்கே உள்ள மெக்டாவிஷ் கையில் மட்டும் ஆழம் 400 மீட்டரைத் தாண்டுகிறது. இதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
காரணம் பாறையில் இருக்கிறது. மேற்குக் கரைகள் உள்நாட்டுச் சமவெளியின் படிவுப் பாறைகளில் அமைந்தவை. கிழக்குக் கரையோ கனடியக் கேடயம் எனப்படும் பரந்த நிலப்பகுதியின் மிகப் பழைய, கடினமான பாறையாலானது. முன்பே இருந்த பள்ளத்தாக்குகளைப் பனியுகப் பனியாறுகள் குடைந்து ஆழமாக்கின. பனி உருகியபோது உருவான மெக்கானல் பனியாற்று ஏரி வற்றிச் சுருங்கியதில் எஞ்சியவையே இந்த ஏரியும், தெற்கே உள்ள கிரேட் ஸ்லேவ், அதபாஸ்கா ஏரிகளும். மூன்றையும் ஒரே நிலப்படத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாக விளங்கும்.

மறுமொழி 2:
நீரின் போக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்கிலுள்ள கீத் கையிலிருந்து கிளம்பும் கிரேட் பியர் ஆறு, துலிதா என்னும் ஊரருகே மெக்கன்சி ஆற்றில் கலந்து, அதன்வழி ஆர்க்டிக் பெருங்கடலை அடைகிறது. சுமார் 31,000 சதுர கிலோமீட்டர் பரந்த ஏரிக்கரையில் உள்ள ஒரே ஊர், சாத்து தெனே என்னும் பழங்குடி மக்கள் வாழும் தெலினே. ஆண்டின் பெரும்பகுதி நீர் உறைந்தே கிடப்பதால், குளிர்காலத்தில் மட்டும் அவ்வூருக்குப் பனிச்சாலை திறக்கப்படுகிறது. ஏரியும் சுற்றுப்புறமும் 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின.

கேட்டவர்:
மிக்க நன்றி. மெக்கானல் ஏரியின் பழைய கரையோரத் தடங்களை இனி நிலப்படத்தில் தேடிப் பார்க்கிறேன்.