மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைக் கூட்டச் சொல்லி பங்குத்தந்தையும் ஜமாத்தும் சேர்ந்து கேட்டால் பட்ஜெட்டில் எடுபடுமா?

கரைவலை (தங்கச்சிமடம்):
தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் போதவில்லை, கூட்டித் தரவேண்டும் என்று பங்குத்தந்தைகள், ஜமாத் தலைவர்கள், ஊர்க் கோயில் நிர்வாகிகள் மூன்று தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் என்ன என்று பாம்பன், மண்டபம், வேதாளைப் பக்கம் பேச்சு ஓடுகிறது. சங்கம் கேட்டால் வழக்கமான கோரிக்கை என்று ஓரங்கட்டிவிடுவார்கள், சமயப் பெரியவர்கள் கேட்டால் அரசு காது கொடுக்கும் என்கிறார்கள் சிலர். வரவு செலவுக் கணக்கில் மதத்துக்கு என்ன வேலை என்கிறார்கள் மற்றவர்கள். வெளிநாடுகளில் ஆயர்கள் பட்ஜெட் சண்டையில் இறங்கியிருக்கிறார்களே, பலன் இருந்ததா? இங்கே செய்வதானால் எப்போது, யாரிடம் போகவேண்டும்? சட்டச் சிக்கல் வருமா?

சேதுக்கரை:
காலத்தைத் தவறவிடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. பட்ஜெட் வைத்த பிறகு எம்.எல்.ஏ.வைப் பிடித்துத் தொகையைக் கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டும் அதிகாரம் இல்லை. வெட்டுத் தீர்மானம்கூட 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லித்தான் குறையைப் பேச வழி செய்கிறது. மார்ச் மாதம் பூசையிலோ ஜும்மாவிலோ உருக்கமாகப் பேசினாலும் அந்த ஆண்டுக் கணக்கு மாறாது.

துறைகள் தங்கள் மதிப்பீட்டை நிதித்துறைக்கு அனுப்புவது அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியில். ஆகஸ்ட், செப்டம்பருக்குள் மனு மீன்வளத்துறை உதவி இயக்குநர் வழியாக மேலே போயிருக்கவேண்டும். ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். தவறினால் சட்டமன்றத்தில் இரண்டு வாசல்தான் மிச்சம். ஒன்று, மானியக் கோரிக்கை எண் 7 (மீன்வளம்) விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அமைச்சர் வெளியிடும் புதிய அறிவிப்புகள். மற்றொன்று 205ஆவது பிரிவின்படி ஆண்டு நடுவில் கூடுதலாகக் கேட்கும் துணை மானியம். சில நேரம் சட்டமன்றத்துக்கு வெளியேயும் வழி திறக்கும். 5,000 என்பது 8,000 ஆகும் என்ற அறிவிப்பே 2023 ஆகஸ்ட் 18 அன்று மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது.

அடுத்தது கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 8,000ஐ வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ல் நிர்ணயித்த கூலி 336. அந்தக் கணக்கில் 61 நாளுக்கு 20,496 வரவேண்டும். மனுவின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும். அரசுக்கு ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: லட்சம் குடும்பத்துக்கு ஆயிரம் கூட்டினால் 10 கோடி. சேமிப்பு நிவாரணத் திட்டத்தின் 4,500ஐ இதோடு குழப்பவேண்டாம். அதில் 1,500 மீனவர் கட்டியது, மீதியில் மத்திய அரசின் பங்கும் உண்டு. இரண்டையும் கலந்தால் ‘இது மத்திய அரசு சார்ந்தது’ என்று ஒரு குறிப்பு எழுதி மூடிவிடுவார்கள்.

கோர்ட்டு வாசல்:
கையெழுத்துப் போடுவதற்கும் மனு கொடுப்பதற்கும் தடையில்லை. இடத்தில்தான் கவனம் தேவை. சமய நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டிடத்தின் வளாகத்தை அரசியல் செயல்பாட்டுக்கு விடக்கூடாது என்கிறது. அதில் ‘அரசியல் செயல்பாடு’ கட்சி வேலையோடு நிற்கவில்லை. அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினைக்காகவும் கூட்டம் போடுவது, ஊர்வலம் விடுவது, பணம் திரட்டுவது வரை நீள்கிறது. ஐந்தாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆலய மண்டபம், பள்ளிவாசல் முற்றம், கோயில் மைக் மூன்றையும் தவிர்த்து ஏலக்கூடத்திலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ கூடுங்கள்.

தேர்தல் நெருங்கினால் இன்னும் கவனம். ‘இதைத் தராதவருக்கு ஓட்டுப் போட்டால் தெய்வக் குற்றம்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வந்தாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் மாட்டக்கூடும். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2017 ஜனவரி 2 அன்று, நால்வர் பெரும்பான்மையில் கொடுத்த தீர்ப்பு அந்த வலையை இன்னும் அகலமாக்கிவிட்டது.

மன்னார் வளைகுடா:
வெளிநாட்டு அனுபவம் கேட்டீர்கள். இங்கிலாந்தில் மேலவையில் 26 ஆயர்களுக்கு இடமே உண்டு. ஒரு குடும்பம் பெறும் உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு உச்சவரம்பு வைக்க அரசு முயன்றபோது, குழந்தைகளுக்கான தொகையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று ரிப்பன் - லீட்ஸ் ஆயர் திருத்தம் கொண்டுவந்தார். 2012 ஜனவரி 23 அன்று 252க்கு 237 என ஜெயித்தது. சில நாளிலேயே கீழவை அதைத் தள்ளி, இது பண விவகாரம், எங்கள் தனியுரிமை என்று கதவைச் சாத்திவிட்டது. ஓட்டுரிமை இருந்தும் பணப்பெட்டிச் சாவி அவர்களிடம் இல்லை.

அமெரிக்காவில் 2011ல், அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் வரம்புச் சண்டையின்போது கத்தோலிக்க ஆயர்கள், சுவிசேஷ சபையார், சால்வேஷன் ஆர்மி எல்லோரும் ஒரே அணியாக நின்று, ஏழைகளுக்கான திட்டங்களில் கைவைக்காதீர்கள் என்றார்கள். ஜூலை 20 அன்று ஒபாமாவையே சந்தித்தார்கள். ஆகஸ்டில் வந்த சட்டத்தில், செலவைத் தானாகவே குறைக்கும் தானியங்கி வெட்டிலிருந்து உணவு உதவியும் ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் தப்பின. அந்த விலக்கு 1985 சட்டத்திலேயே இருந்தது, ஆகவே முழுப் பெருமையும் இவர்களுக்கில்லை. ஆனால் இருந்த விலக்கைப் பறிகொடுக்காமல் காப்பதும் பெரிய வேலைதான். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சபைகள், திட்டங்களைப் பேர் சொல்லி, முடிவாகும் முன்பே கேட்டார்கள் என்பதில்தான் அதன் பலம். உங்கள் கரையில் மூன்று மதமும் ஒரே கடலில் பிழைப்பதால் அந்தப் பலம் இயல்பாகவே இருக்கிறது.

பாசிக்கரை:
சேதுக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் கையெழுத்து மீனவர் சங்கத்தினுடையதாகவே இருக்கட்டும், சமயத் தலைவர்கள் அதற்குக் கீழே. நிவாரணப் பட்டியலில் யார் விடுபட்டார், எந்தப் படகு எந்தப் பெயரில் என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சங்கத்தார்தான்.

அந்த மனுவில் ஆலயச் சீரமைப்பு நிதி, உலமா ஓய்வூதியம், நோன்புக் கஞ்சி அரிசி எதையும் சேர்த்துவிடாதீர்கள். தங்களுக்கும் ஏதோ கேட்கிறார்கள் என்று தோன்றிய நொடியே அந்தக் கையெழுத்தின் மதிப்பு போய்விடும். அதைவிட, விடுபட்டவர்களைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கணவனை இழந்து, பாசி எடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனை பேர் பட்டியலில் இல்லை என்பதை வீடுவீடாகத் தெரிந்துவைத்திருப்பது கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்க அன்பியக் குழுக்களும் ஜமாத்தும்தான். பெயர், மீனவர் நலவாரிய எண், வங்கிக் கணக்கு நடப்பில் உள்ளதா என்ற மூன்று கட்டத்தோடு ஊர்வாரியாக எழுதி மனுவின் பின்னால் இணைத்தால், அதிகாரி சரிபார்த்தே ஆகவேண்டும்.

கரைவலை (தங்கச்சிமடம்):
நன்றி அண்ணே. ஏலக்கூடத்தில் கூடுவது, சங்கம் முதலில், ஆகஸ்டுக்குள் மனு என்று பெரியவர்களிடம் சொல்கிறேன். பட்டியல் வேலையை வேதாளையிலிருந்தே தொடங்கலாம். அங்கே ஜமாத்தும் சங்கமும் ஏற்கெனவே ஒரே மேசையில் உட்காருகிறவர்கள்.