மறு: பீல்ட் பிளாங்க் – வெற்று மாதிரியா, சாட்சி நீரா?

எல்லோருக்கும் வணக்கம். நீர் மாதிரி எடுக்கப் போகும்போது, எங்கள் கையாளுகையால் ஏதாவது கலந்ததா என்று பார்க்கக் கூடவே கொண்டுபோகும் தூய நீருக்கு ஆங்கிலத்தில் "பீல்ட் பிளாங்க்" என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

"வெற்று மாதிரி என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?" என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இருக்கிற சொல்லைத் தூக்கிப்போட எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்தச் சொல் எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். பாடசாலை விஞ்ஞான மன்றப் பிள்ளைகள் கிணற்று நீர் மாதிரி எடுப்பதற்கு ஒரு கைந்நூல் தயாராகிறது. அதில் "ஒரு வெற்று மாதிரியும் கொண்டுபோகவும்" என்று எழுதினால், பிள்ளை வெறும் போத்தலைத்தான் கொண்டுபோகும். யாழ்ப்பாணத்தில் வெற்றுப் போத்தல் என்றால் உள்ளே ஒன்றும் இல்லாத போத்தல். நாங்கள் சொல்லும் போத்தலோ கழுத்துவரை நிரம்பியிருக்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயன் நீக்கிய நீரை, அதாவது கரைந்த உப்புகளை அகற்றிய தூய நீரை, ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலில் எடுத்து, மற்றப் போத்தல்களோடு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் ஐசோடு வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறோம். கிணற்றடியில் நின்று, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் அதே நேரத்தில், இந்த நீரையும் திறந்து ஒரு மாதிரிப் போத்தலுக்குள் ஊற்றுகிறோம். கிணற்று நீரை வடிகட்டினால் இதையும் வடிகட்ட வேண்டும். அதற்கு அமிலம் விட்டால் இதற்கும் விட வேண்டும். பிறகு இரண்டும் ஒரே ஐசில் திரும்பி வந்து ஒரே கருவியில் அளக்கப்படும். ஒன்றும் இருக்கக்கூடாத நீரில் ஏதாவது தெரிந்தால், அது கிணறு தந்தது அல்ல. எங்கள் கையோ, காற்றோ, போத்தலோ, அமிலமோ கொடுத்தது.

குடாநாட்டில் இதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இங்கே இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மாரிமழைதான் குடிநீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து அதற்குள் நைத்திரேற்றை இறக்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. இனி அமிலத்துக்கு வருகிறேன். உலோகம் அளப்பதற்கான போத்தலுக்கு நைத்திரிக் அமிலம் விடுவது வழக்கம். உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாமல் இருக்க அது உதவும். நைத்திரேற்று அளக்கும் போத்தலுக்கு அமிலம் விடுவதென்றால் அது சல்பூரிக் அமிலமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நிறம் கிடையாது. வெயிலுக்குள் நின்று அவசரப்படும்போது போத்தல் மாறினால் என்ன ஆகும்? செறிந்த நைத்திரிக் அமிலத்தின் ஒரு துளி, அதாவது ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர், 49 மில்லிகிராம் அளவு நைத்திரேற்றைக் கொண்டுவரும். அரை லீற்றர் போத்தலில் அது லீற்றருக்கு 98 மில்லிகிராம். ஒரே துளிதான், நல்ல தண்ணீர்க் கிணறும் "குடிக்க உதவாது" என்று பேர் வாங்கிவிடும். அதே அமிலம் விட்ட எங்கள் நிரம்பிய போத்தலும் 98 காட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

"பூச்சிய மாதிரி" என்று கொக்குவில் அக்கா எழுதியிருந்தா. பள்ளிக்கூடத்துச் சொல், பிள்ளைகளுக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பெயர் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பூச்சியமா இல்லையா என்று பார்க்கத்தானே இவ்வளவு பாடு? "சூனிய மாதிரி" வேண்டவே வேண்டாம். சூனியப் போத்தலோடு கிணற்றடிக்குப் போனால் வீட்டுக்காரர் படலையடியிலேயே கலைத்துவிடுவார்.

"ஒற்று நீர்" எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. கூடவே போய், பார்த்துவிட்டு வந்து சொல்கிறதே! ஆனால் பஞ்சால் தொட்டு மாதிரி எடுப்பதை "ஒற்றி எடுத்தல்" என்று இதே கைந்நூலின் இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறோம். இரண்டும் முட்டும். "சான்று நீர்" என்றால் யாரோ சான்றிதழ் கொடுத்த நீர் என்று நினைப்பார்கள். அப்படி அளவு உறுதிசெய்து விற்கும் நியம மாதிரிகள் உண்மையில் இருக்கின்றன. அவற்றுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

என் பரிந்துரை "சாட்சி நீர்". வடமொழிதான், தெரியும். ஆனால் கிணற்றுப் பங்குக்கு வழக்குப் பேசிய ஊரில் சாட்சி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: நடந்த இடத்தில் நின்றவர், கேட்டால் சொல்லவேண்டியவர். "கட்டுப்பாட்டுப் பரிசோதனை" என்பது பாடப்புத்தகத்தில் வேறு பொருளில் இருக்கிறபடியால் அதோடும் மோதாது.

இன்னொரு வசதி, எந்த இடத்துச் சாட்சி என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். கிணற்றடியில் திறந்தது களச் சாட்சி. ஆய்வுகூடத்தில் மூடி, போய்வந்த பிறகுதான் திறப்பது வழிச் சாட்சி. இந்த இரண்டாவதற்கு மட்டுவில் ஐயா "உடன்செல் நீர்" என்று எழுதியதும் எனக்கு அகத்திணைதான் நினைவுக்கு வந்தது. உடன்போக்கு போன நீரைப் பிறகு செவிலித்தாய்தான் தேட வேண்டும்! ஆனால் அந்தப் போத்தலின் வேலை விளையாட்டல்ல. சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பேச்சு எழுந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பென்சீன் போல ஆவியாகிப் பறக்கும் பொருள்களைத் தேடும்போது, மாதிரிப் பெட்டியை ஏற்றிய வானுக்குள் ஒரு பெற்றோல் கானும் இருந்தால் போதும், ஆவி மூடியைத் தாண்டி உள்ளே போகலாம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கான் இல்லாத வாகனம் ஏது? வழியில் தொற்றியதா, கிணற்றிலேயே இருந்ததா என்று சொல்ல வழிச் சாட்சி வேண்டும்.

கோவை நண்பருக்கு ஒரு சமாதானம்: "வெற்று" என்பதை முழுக்க விடவேண்டாம். நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் நிறமானியில் முதலில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறோமே, அது "வெற்று"வாகவே இருக்கட்டும். அது கருவியைச் சரிப்படுத்துகிறது. சாட்சி எங்களைச் சோதிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாங்களும் அப்படியே கட்டிக்கொள்ள வேண்டுமா?

"பிளாங்க் என்றே எழுதுங்கள், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் காலத்தில் 'கெமிஸ்தம்' என்று எழுதவில்லையா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எழுதினார்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த அந்தக் கிறீன் காலத்தில் இரசாயனவியலுக்கு வைத்த பெயர் அது. துறையின் பெயரைக் கடன் வாங்கலாம், அது ஒரு பெயர்ப்பலகை. ஆனால் களத்தில் ஒரு பிள்ளை ஏன் இந்தப் போத்தலைத் திறக்கிறோம் என்று மறந்து நிற்கும்போது, "பிளாங்க்" அதற்கு ஒன்றும் சொல்லாது.

தங்களையே சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்க விஞ்ஞானி கிளெயர் பற்றர்சன் ஓர் உதாரணம். விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று 1956இல் வெளியிட்டவர். அதற்கு முன் அவரைப் படுத்தியது கல் அல்ல, ஆய்வுகூடத்துத் தூசியும் பாத்திரமும் இரசாயனங்களும் கொண்டுவந்த ஈயம். அதைத் துரத்தித் துரத்திக் கலிபோர்னியாவில் மிகத் தூய ஆய்வுகூடம் ஒன்றை உருவாக்கினார். அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனவர், பிற்பாடு பெற்றோலில் ஈயம் கலப்பதற்கு எதிராகவே நின்றார்.

மறுமொழிகளுக்குக் காத்திருக்கிறேன்.

– கோண்டாவிலிலிருந்து

*

மறு: மறு: பீல்ட் பிளாங்க்

ஐயா, வணக்கம். வெறும் பாட்டில் விஷயம் புரிந்தது, சாட்சிக்கு என் வாக்கு. ஒரே ஒரு சந்தேகம். அந்த நீர் அழுக்காகத் திரும்பி வந்தால் "பிறழ்சாட்சி" என்பீர்களா? இங்கே நீதிமன்றச் செய்திகளில் தினமும் அடிபடும் சொல். அப்புறம், போத்தலில் சுருக்கமாக "க.சா." என்று எழுதினால் ஆய்வகத்தில் யாராவது "சா" என்று படித்து வைப்பார்களே!

– கோவையிலிருந்து

*

மறு: மறு: மறு: பீல்ட் பிளாங்க்

தம்பி, அழுக்கோடு வந்த சாட்சிதான் உண்மையைச் சொல்கிறது, அதைப் பிறழ்ந்தது என்றால் பாவம். "கறைபட்ட சாட்சி" என்று கைந்நூலில் எழுதிவிடுகிறேன். ஆனால் சுத்தமாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் ஆகாது. வழியில் ஏதாவது சேர்ந்ததா என்று மட்டும்தான் அது சொல்லும். ஐஸ் உருகி, சூட்டில் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றைத் தின்று தீர்த்திருந்தால், சாட்சிக்கு அதைப்பற்றி வாயே இல்லை. இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

போத்தலில் "க.சா." என்று எழுதவே போவதில்லை. மற்றக் கிணறுகளைப் போல அதற்கும் ஓர் இலக்கம்தான். எது சாட்சி என்று அளக்கிறவருக்குத் தெரிந்தால் அவர் கை அறியாமலே கவனமாகிவிடும். களக் குறிப்பேட்டில் மட்டும் முழுதாக எழுதிவைத்தால் போதும்.

மிச்சம் ஒன்றே ஒன்று. மாதிரி அள்ளும் வாளி சுத்தமா என்று பார்க்க, கழுவிய வாளிக்குள் தூய நீரை விட்டு, அந்த நீரை எடுத்து அளப்பது "கருவிச் சாட்சி"யா, "கழுவுநீர்ச் சாட்சி"யா? வாளியைக் கருவி என்று பிள்ளைகள் ஏற்பார்களோ தெரியாது, எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. கொக்குவில் அக்காவும் மட்டுவில் ஐயாவும் சொன்னால் அதன்படி கைந்நூலில் வரும் படத்துக்குப் பெயர் போடலாம்.

– கோண்டாவிலிலிருந்து