வலிக்கு ஒரு செட்டு, அலுப்புக்கு ஒரு குவாட்டர்: உங்க வீட்ல நடந்ததைச் சொல்லுங்க

கரூர்ப்பொண்ணு:
எங்கப்பாவுக்கு சென்டரிங் வேலை. முப்பது வருஷமா ஷீட்டும் முட்டும் தூக்கின தோளு. சாயங்காலம் மெடிக்கல்ல நின்னு "உடம்பு வலிக்கு ஒரு செட்டு"ம்பார். அட்டையில இருந்து கத்தரிச்ச நாலு மாத்திரை, பேரு போட்ட பக்கம் இருக்காது, சின்னக் காகிதக் கவர்ல வரும். அப்படியே நேரா டாஸ்மாக். கவர் சட்டைப்பையில, குவாட்டர் இடுப்புல.

போன ஆடியில ஒருநாள் காலைல தலை சுத்துதுன்னு திண்ணையில உட்கார்ந்துட்டார். வெளிக்கி தார் மாதிரி கருப்பா போச்சாம். கேட்டா "நேத்து ரத்தப் பொரியல் தின்னேன்ல, அதான்"ங்கறார். மத்தியானம் எடுத்த வாந்தி காப்பித்தூளைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில புண்ணு, ரத்தம் கசியுதுன்னாங்க. மூணு பாட்டில் ரத்தம் ஏறுச்சு. என்ன மாத்திரை சாப்பிட்டார்னு டாக்டர் கேட்டாங்க. கவரை நீட்டினேன். அதுல ஒரு எழுத்து இல்ல.

மருந்துக்கடையில 11 வருசம்:
தங்கச்சி, நான் அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்னவன். சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு. செட்டுன்னா பெரும்பாலும் டைக்ளோஃபினாக் இல்ல அசிக்ளோஃபினாக்னு வலி மாத்திரை ஒண்ணு, பாராசிட்டமால் ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு. சில கடையில கூடவே பொடிசா ஒரு ஸ்டீராய்டு. "அந்தக் கடை மாத்திரைதான்யா கேக்குது"ன்னு பேர் வாங்கிக் குடுக்கறது அந்தப் பொடிசுதான். வலி மாத்திரை வயித்துக்குள்ள இருக்கற காப்புப் பூச்சைக் குறைக்கும். ஸ்டீராய்டு சேர்ந்தா புண்ணு வர வாய்ப்பு இன்னும் கூடும். அதுக்கு மேல சாராயத்தை ஊத்தினா என்ன ஆகும்? வாங்க வர்றவர் வாயில வாடை அடிச்சாலும் நாங்க கேட்டதில்ல. கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவார், அவ்வளவுதான் காரணம்.

ஜாலி மாமா:
நான் பதினஞ்சு வருசமா சரக்கடிச்ச மறுநாள் தலைவலிக்கு பாராசிட்டமால் 650 போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன். கல்லு மாதிரி இருக்கேன். சும்மா பயமுறுத்தாதீங்கப்பா.

வார்டு சிஸ்டர்:
மாமா, என்னைக்கோ ஒருநாள் ஒண்ணு போடறவரை நாங்க வார்டுல பார்க்கறதில்ல. நான் பார்த்தவர் வேற. நாப்பது வயசு, பல்வலி. அஞ்சு நாளா சோறு இல்லாம குடி, மூணு மணிக்கு ஒண்ணுன்னு 650. நாளைக்கு எட்டுன்னு வைங்க, 5,200 மில்லிகிராம் ஆச்சு. நல்லா இருக்கற ஆளுக்கே 24 மணி நேரத்துக்கு 4,000தான் உச்சம், தினம் குடிக்கறவங்களுக்கு 2,000 தாண்டாதீங்கன்னு பல டாக்டருங்க சொல்வாங்க.

பாராசிட்டமால்ல கொஞ்சம் ஈரல்ல நஞ்சா மாறும். அதை அணைக்கறதுக்கு குளூட்டாதயோன்னு ஒரு சரக்கு ஈரல்லயே இருக்கு. தொடர்ந்து குடிச்சா நஞ்சாக்கற வேலை வேகமா நடக்கும், பட்டினி கிடந்தா அணைக்கற சரக்கு தீர்ந்துபோகும். கொடுமை என்னன்னா முதல் நாள் பெருசா ஒண்ணும் தெரியாது, குமட்டல் மட்டும்தான். இவர் கண்ணு மஞ்சளான அப்புறம்தான் வந்தார். அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து, என்-அசிட்டைல்சிஸ்டைன் ஏத்தினோம். பாட்டிலைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். மாத்திரை அளவு மீறிப் போச்சுன்னா எட்டு மணி நேரத்துக்குள்ள அதை ஆரம்பிக்கணும், அப்பத்தான் முழுசாக் கேக்கும். இவர் பிழைச்சார், இருபத்திரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்குப் போனார்.

இன்னொண்ணு. "ஒரே ஒரு குவாட்டர்தான் சிஸ்டர்"னு எல்லாரும் சொல்றாங்க. 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டா சுத்தச் சாராயமே 77 மில்லி.

நைட் ஷிப்ட்:
எங்க ரூம்ல நடந்தது. பைக்ல விழுந்து கால்ல பிளேட் வெச்ச பையன். வலிக்கு டிரமடால்னு அபின் வகை மாத்திரை எழுதியிருந்தாங்க. 2018ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்த மாத்திரை அதுன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. பர்த்டேக்கு ரெண்டு பீர் அடிச்சான், மாத்திரையும் போட்டான். பயங்கரக் குறட்டை. "நல்லாத் தூங்கறான்டா, விடு"ன்னு சிரிச்சோம். நான் தண்ணி குடிக்க எழுந்தப்ப குறட்டைச் சத்தமே இல்ல. டார்ச் அடிச்சா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு. எண்ணிப் பார்த்தேன், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல பத்துக்கு மேல போச்சு. 108 வர்ற வரைக்கும் கன்னத்தைத் தட்டித் தட்டி மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருந்தோம். இப்ப நல்லா இருக்கான். யார் குறட்டை விட்டாலும் எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.

ஜாலி மாமா:
சிஸ்டர், பட்டினி கிடக்கறதும் இதுல சேருமா? நான் குடிச்சா சாப்பிட மாட்டேன்.

வார்டு சிஸ்டர்:
சேரும் மாமா. ஒருதடவை போய் ஈரல் டெஸ்ட் எடுத்துடுங்க.

கரூர்ப்பொண்ணு:
அப்பா இப்பத் தொடறதில்லைன்னு சொல்றார். ஆனாலும் துவைக்கப் போடறதுக்கு முன்னாடி சட்டைப்பையைத் துழாவத்தான் செய்யறேன். நேத்து ஒரு கவர் கிடைச்சுது. ரெண்டு மாத்திரை, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு பொடிசா வெள்ளை. மருந்துக்கடை அண்ணா, போட்டோ அனுப்பறேன், என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?