செட்டுன்னா எந்த செட்டு?

அண்ணன் மகள் உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வில் (செட்) தேறிவிட்டாள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்குப் போன் போட்டு, "தாத்தா, எனக்கு செட் கிடைச்சிடுச்சு" என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பல்செட்டு?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. இந்தச் சொல் அவருக்கு முதலில் பம்புசெட்டாக வயலுக்கு வந்தது, மைக்செட்டாகக் கோயில் கொடைக்கு வந்தது, கடைசியில் வாய்க்குள்ளேயே போய்விட்டது.

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்குத்தான் மிக நீளமான பதிவு. 430 பொருள்களை விளக்க 60,000 சொற்கள்! பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. எனக்கு அதைவிட ருசியான சங்கதி, இது அடிப்படையில் இரண்டு சொற்கள் என்பது. 'வை, பொருத்து' என்ற செட் பழைய ஆங்கிலத்துச் சரக்கு. 'கூட்டம், தொகுதி' என்ற செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பம்புசெட்டும் பல்செட்டும் இரண்டாவது வகை.

*

முதல் வகைக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. கட்டட வேலை பார்ப்பவன் நான். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் செட்டாகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் செட்டாகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் மேஸ்திரிக்கு செட் என்றால் அது ஒன்றுதான்.

ஒரு வீட்டில் டைல்ஸ் ஒட்டி முடித்தோம். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "இது செட்டே ஆகலையே" என்றார்.

"நாளைக்குள்ள ஆயிடும்மா."

"நாளைக்குள்ள எப்படிங்க கலர் மாறும்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

*

சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிடக் கூடாது! எங்கள் ஊர் ஓட்டலில் ஒரு செட் பூரி என்றால் இரண்டு. அந்தப் பழக்கத்தில் மாமா பெங்களூரில் போய், ஆளுக்கு ரெண்டு தோசை வரும் என்று நினைத்து, "ரெண்டு செட் தோசை" என்றார். வந்தது ஆறு. அத்தை ஒன்றரையோடு நிறுத்திக்கொண்டார். மீதி நாலரையை மாமாவே முடித்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு, உள்ளே போறதே தெரியலை" என்றார்.