பொரிக்காமல் ஸ்காட்ச் முட்டை

குழு: ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட்

புதன்கிழமை

அண்ணி, 8:14
ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பிக்னிக்குக்கு யார் யார் என்ன கொண்டுவருகிறீர்கள்? புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் என் பொறுப்பு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், பிள்ளைகளோடு வருகிறார், அதனால் கறி எதுவானாலும் ஹலால் கடையில் வாங்குங்கள்.

ஈசூன் சித்தி, 8:20
கோலா உருண்டை செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இத்தனை பேருக்குப் பொரித்தால் எங்கள் சமையலறையில் எண்ணெய் வாடை போக நாளாகும். அண்ணனுக்கும் டாக்டர் பொரித்ததைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஜூரோங் மாமா, 8:23
பிக்னிக்குக்கு டாக்டர் வரமாட்டார்.

பெரியம்மா, 8:24
டேய், நான் வருவேன்.

நான், 8:31
நான் ஸ்காட்ச் முட்டை செய்து கொண்டுவரட்டுமா? பொரிக்காமல், ஓவனில்.

பெரியம்மா, 8:33
அது என்னம்மா?

நான், 8:40
அவித்த முட்டையைச் சுற்றிக் கொத்துக்கறியைப் போர்த்தி, மேலே ரொட்டித்தூள் புரட்டி எடுப்பது, பெரியம்மா. இங்கிலாந்தில் வெளியே கூடைகட்டிப் போகிறவர்கள் ஆறவைத்து எடுத்துப்போகிற பண்டம். அங்கே பன்றி இறைச்சி, எண்ணெயில் பொரிப்பார்கள். நான் கோழியில், ஓவனில் செய்வேன். கையில் பிடித்துச் சாப்பிடலாம், குழம்பு ஒழுகாது.

தம்பி, 8:42
ஸ்காட்லாந்துச் சமையலா அக்கா?

நான், 8:46
பெயர்தான் அப்படி. லண்டன் பிக்கடில்லியில் இருக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை, 1738இல் குதிரைவண்டிப் பயணிகளுக்காகத் தாங்களே இதை உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. இன்னொரு பக்கம், முகலாயச் சமையலில் நர்கிசி கோஃப்தா இருக்கிறதே, அதுவும் கொத்துக்கறிக்குள் முட்டைதான். அதைப் பார்த்துத்தான் இது வந்தது என்கிறவர்களும் உண்டு. 1800களின் தொடக்கத்தில் அச்சான ஆங்கிலக் குறிப்பில், குழம்போடு சூடாகப் பரிமாறச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு இரண்டாவது கதையின் மேல்தான் நம்பிக்கை கூடியது.

ஈசூன் சித்தி, 8:49
அப்படியானால் முட்டை வைத்த கோலா உருண்டை என்று சொல்லிவிட்டுப் போயேன்.

ஜூரோங் மாமா, 8:52
எல்லாம் சரி. பொரிக்காவிட்டால் மேலே மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்? ஓவனில் வைத்ததெல்லாம் வெளுத்துப்போய் மரத்தூள் மாதிரி இருக்கிறது.

நான், 9:05
மாமா, நீங்கள் சொல்வது நியாயம். பெரும்பாலான குறிப்புகள் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகின்றன. பொரிக்கும்போது 170, 180 டிகிரி எண்ணெய் ரொட்டித்தூளை நாலாபுறமும் தொட்டுச் சில நிமிடத்தில் சிவக்க வைத்துவிடும். ஓவனில் தொடுவது வெறும் சூடான காற்று. தூள் சிவக்கும்வரை வைத்திருந்தால் உள்ளே கோழி வறண்டுவிடும், கோழி வெந்ததும் எடுத்தால் தூள் வெளுத்தே இருக்கும்.

அதனால் தூளை முதலிலேயே சிவக்க வைத்துவிட வேண்டும். ஒன்றரைக் கப் பாங்கோவுக்கு, அதாவது ஜப்பானிய ரொட்டித்தூளுக்கு, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், அகலமான தவா, மிதமான தீ. பொன்னிறம் வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். ஓவனுக்குள் போவதற்கு முன்பே அதற்கு நிறமும் மொறுமொறுப்பும் வந்திருக்கும். பொரிக்க ஒரு சட்டி எண்ணெய் வேண்டும், இதற்கு இந்த ஒன்றரைக் கரண்டி போதும்.

பெரியம்மா, 9:07
ரவையை வறுத்து வைத்துக்கொள்கிற மாதிரி.

நான், 9:08
அதேதான் பெரியம்மா.

அண்ணி, 9:10
சரி, ஸ்காட்ச் முட்டை உன் கணக்கில். 12 செய், பாதியாக வெட்டினால் எல்லாருக்கும் வரும்.

வெள்ளிக்கிழமை

தம்பி, 7:35
அக்கா, எனக்கும் செய்து பார்க்க ஆசை. என்னிடம் ஏர் ஃபிரையர்தான் இருக்கிறது. முழுக் குறிப்பும் அனுப்புங்கள்.

நான், 7:58
முதலில் முட்டை. வாங்கி ஒரு வாரமாவது ஆன முட்டையாக எடு. புது முட்டையில் வெள்ளைக்கரு தோலோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். நாளாக ஆக உள்ளிருக்கும் கரியமில வாயு ஓட்டின் வழியே வெளியேறிவிடுவதால் ஒட்டு விட்டுவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு முட்டையைக் கரண்டியால் உள்ளே இறக்கு. 7 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு நன்றாக ஆறவிடு. ஓவனில் மறுபடி சூடு ஏறும் என்பதால் இப்போது கொஞ்சம் வேகாமல் இருப்பதுதான் சரி. 10, 12 நிமிடம் அவித்துவிட்டு ஓவனிலும் வைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், கந்தக வாடை அடிக்கும்.

கறி: ஒரு முட்டைக்கு 90 முதல் 100 கிராம். கட்டாயம் தொடைக்கறி. கடைக்காரரிடம் தோலோடு அரைத்துத் தரச் சொல். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, ஓவனில் அது காய்ந்துவிடும். கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு, கையில் பசை மாதிரி ஒட்டும்வரை பிசை. அந்த ஒட்டுதான் கறியை ஒன்றாகப் பிடித்து வைக்கும். அப்புறம் பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, இடித்த சோம்பு, மிளகு, பாலில் ஊறிய இரண்டு ரொட்டித்துண்டு.

ஈசூன் சித்தி, 8:03
ரொட்டி எதற்கு? பொட்டுக்கடலைப் பொடி போடச் சொல். அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி. நம் கோலா உருண்டை அதில்தானே நிற்கிறது.

நான், 8:09
ஆட்டுக்கறிக்கு அதுதான் சரி சித்தி, அதில் கொழுப்பு இருக்கிறது. கோழிக்கு நான் போடமாட்டேன். பொட்டுக்கடலை இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஓவனும் காயவைக்கும், தொண்டையில் அடைக்கும். பாலில் ஊறிய ரொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஈசூன் சித்தி, 8:11
அப்படியானால் நான் நாளைக்குத் தேக்காச் சந்தையில் ஆட்டுக் கொத்துக்கறி வாங்கி, என் முறையில் ஆறு செய்கிறேன். உன் ஓவன் வழியில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்ப்போம்.

தம்பி, 8:12
எனக்கு மீதிக் குறிப்பு வரவில்லையே!

நான், 8:26
இதோ. கிளிங் ராப் (உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மேல் கறியை உள்ளங்கை அளவுக்குத் தட்டு. முட்டையை ஈரம் போகத் துடைத்து மைதாவில் புரட்டி நடுவில் வை. ராப்பைத் தூக்கினால் கறி தானாகவே சுற்றிக்கொள்ளும். சேர்க்கிற இடத்தை ஈர விரலால் நன்றாக வழித்து மூடு. எங்கும் ஒரே கனம் இருக்க வேண்டும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வை. பிறகு மைதா, அடித்த முட்டை, வறுத்த பாங்கோ என்று வரிசையாகப் புரட்டி, கையால் லேசாக அழுத்து.

ஓவன் என்றால் 200 டிகிரி, 25 முதல் 30 நிமிடம். தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன் மேல் அடுக்கினால் அடிப்பக்கம் நசநசக்காது. ஏர் ஃபிரையரில் 180 டிகிரி, 15 நிமிடத்தில் பார். கறியின் நடுவில் 75 டிகிரி வந்திருக்க வேண்டும். சமையல் வெப்பமானி இல்லையென்றால் ஒன்றை வெட்டிப் பார்த்துவிடு. கோழியில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. மஞ்சள் கரு இளகலாக வேண்டும் என்று ஓவன் நேரத்தைக் குறைத்துவிடாதே. அவிக்கிற நேரத்தை 6 நிமிடமாக்கிக்கொள்.

தம்பி, 10:40
📷 புகைப்படம்
அக்கா, நாலில் இரண்டு வெடித்துவிட்டது. ருசி அருமை. ஆனால் முட்டை வெளியே எட்டிப் பார்க்கிறது.

நான், 10:44
மைதா தடவினாயா? முட்டைக்கு, கறி போர்த்துவதற்கு முன்னால்.

தம்பி, 10:45
ரொட்டித்தூள் போடும்போது மட்டும்தான்.

நான், 10:52
அதுதான் காரணம். வேகும்போது கறி சுருங்கும். முட்டையின் வழுவழுப்பில் பிடிமானம் இல்லாவிட்டால் மெல்லிசான இடத்தில் பிளந்துகொள்ளும். இடையில் காற்று நின்றாலும் அப்படித்தான், நீராவி வழி தேடும். மற்றபடி நிறம் பிரமாதமாக வந்திருக்கிறது. உன் வறுவல் கைக்கு நூற்றுக்கு நூறு.

பெரியம்மா, 10:55
வெடித்ததை வீணாக்காதே தம்பி. நாளைக்கு வெங்காயம் தக்காளி வதக்கிக் குழம்பில் போட்டு இடியாப்பத்துக்கு வைத்துக்கொள்.

சனிக்கிழமை

ஈசூன் சித்தி, 5:20
📷 புகைப்படம்
ஆட்டுக்கறி, பொட்டுக்கடலை, கொஞ்சம் தேங்காய்த்துருவல். ஒன்று கூட வெடிக்கவில்லை. தட்டில் கொழுப்பு இறங்கியிருந்தது, வலை வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒன்றை வெட்டி உன் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன், பேச்சே இல்லாமல் இன்னொன்று கேட்டார். இனி தீபாவளிக்கும் இப்படித்தான்.

ஜூரோங் மாமா, 5:26
தங்கச்சி, ஆறில் இரண்டு போயிற்றா? மிச்சத்தை ஒளித்து வை.

அண்ணி, 5:30
இன்றைக்கே செய்து வைத்தால் நாளைக்குக் கெட்டுவிடாதா?

நான், 5:38
ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது அண்ணி. கவனம் வேண்டியது கடற்கரையில்தான். நம் ஊர் வெயிலில் சமைத்த கறியையும் முட்டையையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குள் கிருமி மளமளவென்று பெருகும். பெரியம்மாவும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐஸ் பெட்டியில் எடுத்துவருவோம், சாப்பிடும் நேரத்தில் மட்டும் திறப்போம்.

ஜூரோங் மாமா, 5:41
என் மீன்பிடிப் பெட்டி பெரியது. கழுவிக் காயவைத்துக் கொண்டுவருகிறேன்.

பெரியம்மா, 5:42
டேய், மீன்பிடிப் பெட்டி வேண்டாம்.

அண்ணி, 5:43
எங்கள் வீட்டில் நீலப் பெட்டி ஒன்று இருக்கிறது மாமா, அதைக் கொண்டுவருகிறேன். ஐஸ் மட்டும் வரும் வழியில் வாங்கி வந்துவிடுங்கள்.

நான், 5:50
குளிர்ந்திருந்தால் வெட்டுவதும் சுலபம், மஞ்சள் கரு சிதறாது. வெட்டுப் பலகையும் கூர்மையான கத்தியும் நான் எடுத்துவருகிறேன். மக்சிக்கின் பிள்ளைகளுக்காகப் பச்சை மிளகாய் போடாமல் நாலு தனியாகச் செய்திருக்கிறேன், அவற்றின் மேல் எள் தூவியிருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். தொட்டுக்கொள்ள?

ஈசூன் சித்தி, 5:52
புதினாத் துவையல் அரைத்துவிட்டேன்.

தம்பி, 5:53
மிளகாய் சாஸ் என்னிடம் இருக்கிறது. வெடிக்காத இரண்டும் வரும்.