கல்லீரல் நீர்க்கட்டிக்குக் கருஞ்சீரகமும் நானோ மருந்தும் பயன்படுமா?

கேள்வி:
என் தாயாரின் கல்லீரலில் நாடாப்புழுவால் உண்டாகும் ஹைடாடிட் நீர்க்கட்டி 6 செ.மீ. அளவில் இருப்பது ஸ்கேனில் தெரியவந்தது. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் தொடங்கியுள்ளனர். அடுத்து ஊசி வழியே நீரை எடுப்பார்களாம். கருஞ்சீரக எண்ணெயும் வெள்ளி நானோ துகள்களும் இப்புழுவைச் சில நிமிடங்களில் கொல்வதாகப் படித்தேன். ஊசியைத் தவிர்த்து இவற்றை முயலலாமா?

மறுமொழி 1:
கால்நடை ஒட்டுண்ணியியல் ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்பதால், அந்தச் 'சில நிமிடங்கள்' எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். அறுத்த ஆட்டின் ஈரலிலுள்ள கட்டியிலிருந்து நீரை உறிஞ்சி, அடியில் மணல்போலப் படியும் புழுத்தலைகளைக் குழாயில் இட்டு, அவற்றின்மேல் மூலிகைச் சாற்றை ஊற்றுவோம். பிறகு 0.1% இயோசின் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் இறந்தவை சிவந்திருக்கும். உயிருள்ளவற்றில் நிறம் ஏறாது. ஓமத்திலுள்ள தைமாலும் இப்படி நன்றாகவே கொல்கிறது (அன்றெல்லாம் ஆய்வகமே ஓமத் தண்ணீர் மணக்கும்). ஆனால் குழாயில் சாறு புழுவை நேரடியாகத் தொடுகிறது. குடித்த எண்ணெயோ குடலையும் இரத்தத்தையும் கடந்து, கட்டியைச் சுற்றியுள்ள நார்ச்சுவரையும் ஊடுருவ வேண்டும். உண்மையில் இவ்வாய்வுகளில் பல தேடுவது, புழுத்தலைகளைக் கொல்ல ஊசி வழியே கட்டிக்குள் செலுத்தும் 20% உப்புக் கரைசலுக்கு மாற்றான திரவத்தையே. ஏனெனில் அக்கரைசல் பித்தக் குழாய்க்குள் கசிந்தால் அக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடக்கூடும். ஆகவே கட்டிக்கும் பித்தக் குழாய்க்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுமொழி 2:
நானோ ஆய்வுகளில் ஒரு பெரும்பகுதி அல்பெண்டசோலுக்கு மாற்றைத் தேடவில்லை. அதையே கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) அல்லது கொழுப்புத் துகளில் ஏற்றி அனுப்பப் பார்க்கிறது. அம்மருந்து நீரில் சரியாகக் கரையாததால், விழுங்குவதில் 5 விழுக்காடுகூட இரத்தத்தில் சேர்வதில்லை. எலிகளில் நல்ல பலன் தெரிந்தாலும் மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை நம் கையிலிருப்பது நெய்தான்: கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்கு உயரும். என் தந்தையார் முதல் மாதம் முழுவதும் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தார். பிறகே நெய் ஊற்றிய பருப்புச் சோற்றுக்கு மாறினோம். கல்லீரல் நொதி, வெள்ளணு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மா இதுவரை மாத்திரையைக் கடுங்காப்பியோடுதான் விழுங்கிவந்தார். இன்றிரவு முதல் நெய்ச்சோறு. பித்தக் குழாய் பற்றிய கேள்வியையும் ஸ்கேன் அறிக்கையின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.